முகப்பருவுக்கு ஏழு மாதமாக டாக்ஸிசைக்ளின்: நிறுத்தினால் பரு திரும்புகிறது, தொடரப் பயமாக இருக்கிறது

சிறுவாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு விற்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். பகலில் பாதி நேரம் வண்டியில்தான் கழிகிறது. பதினாறு வயதில் தொடங்கிய முகப்பரு சென்ற ஆண்டு மிகவும் முற்றி, இரு கன்னங்களிலும் சீழ் வைத்து, சவரம் செய்யவே முடியாத நிலை வந்தபோது தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். தினமும் டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக்கின் 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், இரவில் தடவிக்கொள்ள அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஒரு ஜெல்லும் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஜெல் தடவிய நான்காம் நாளே மூக்கோரமும் வாயோரமும் எரிந்து தோல் உரிந்ததால் அதை விட்டுவிட்டேன். மாத்திரை நன்றாக வேலை செய்தது. ஆறு வாரத்தில் முகம் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. தெளிந்த முகத்தோடு மருத்துவரிடம் எதற்குப் போவது என்று போகவில்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் வாரம் பரு திரும்பிவிட்டது. மறுபடியும் அதே சீட்டைக் காட்டி வாங்கினேன். இப்படியே இடையிடையே நிறுத்தியும் தொடங்கியுமாக ஏழு மாதம் ஆகிவிட்டது. நாலாக மடித்துப் பணப்பையில் வைத்த அந்தச் சீட்டின் மடிப்புகள் கிழிந்து, மருத்துவரின் கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான் இருக்கிறது. அதையும் எந்தக் கடையிலும் விரித்துப் பார்ப்பதில்லை.

இதை எவ்வளவு நாள் சாப்பிடலாம், நிறுத்தியதும் பரு ஏன் திரும்புகிறது என்ற இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும். அசித்ரோமைசின் என்னும் இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கு மாறிவிடு, வாரம் மூன்று நாள் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மாசிவீதி எழுதியது:

தம்பி, நான் மதுரையில் மருந்தாளுநராக இருக்கிறேன். முதலில் எங்கள் பக்கத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டுமே அட்டவணை எச்-இல் உள்ள மருந்துகள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொருள் என்ன என்பதைப் பொதுமக்களுக்குச் சொல்ல 2016-இல் மத்திய அரசு ஓர் இயக்கமே நடத்தியது. கோடு இன்னும் அட்டையில் இருக்கிறது. ஓட்டை விழுந்த சீட்டுக்கு ஏழு மாதம் மருந்து கொடுத்த கடைகளும் இருக்கின்றன.

மருத்துவ ஆலோசனையை மருத்துவர்கள் சொல்லட்டும். நான் கடையில் தினமும் சொல்லும் சிலவற்றை மட்டும் கூறுகிறேன். மாத்திரையை ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும்; விழுங்கி அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் ஆகியவை டாக்ஸிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும் என்பதால், அவற்றுக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. பாலும் ஓரளவு அதையே செய்யும் என்பதால் காலைக் காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். வயிற்றைப் புரட்டினால் இட்லி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். பழைய அட்டை எதுவும் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். காலாவதியான டெட்ராசைக்ளின் வகை மருந்து (டாக்ஸிசைக்ளினும் அந்த வகைதான்) சிறுநீரகத்தைக் கெடுத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நீங்கள் வெயிலில் வண்டி ஓட்டுபவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். புறங்கை எரிகிறதா?

சிறுவாணி எழுதியது:

ஆமாம் ஐயா. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு புறங்கைகளும் வெந்நீர் பட்டது போலச் சிவந்து எரிந்தன. வெயில் கடுமை என்று நினைத்துவிட்டேன்.

மாசிவீதி எழுதியது:

வெயிலும்தான், மாத்திரையும்தான். இந்த மருந்து தோலை வெயில் தாங்காததாக்கிவிடும். சிலருக்கு விரல் நகம்கூட அடித்தோலைவிட்டுப் பிரிந்து வரும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்கு வெயில் தடுப்புப் பூச்சு இல்லாமல் இந்த மாத்திரையோடு கோவையில் களவிற்பனை பார்ப்பது கூடாது. மருந்து கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அறை எண் 14 எழுதியது:

தண்ணீர் பற்றி மாசிவீதி ஐயா சொன்னதை யாரும் சும்மா கடந்துவிட வேண்டாம் என்பதற்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது எனக்கும் பருவுக்காக இதே மருந்து, கேப்ஸ்யூலாகக் கொடுக்கப்பட்டது. ஒரு நாள் இரவு மறந்துபோய், விளக்கணைத்துப் படுத்த பிறகு நினைவு வந்து, தலைமாட்டுப் பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே தூங்கிவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சின் நடுவே கொள்ளிக்கட்டையை வைத்தது போன்ற வலியில் விழித்தேன். மாரடைப்பு என்று நண்பர்கள் பயந்து அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றார்கள். கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கியிருந்தது. ஐந்து நாள் எச்சில் விழுங்குவதற்கே கண்ணில் நீர் வரும். ஆறிய கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தேன்.

பொருநை எழுதியது:

நான் அரசு மருத்துவமனைகளில் தோல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நேரில் பார்க்காமல் எவருக்கும் மருந்து சொல்லமாட்டேன் என்றாலும், சிறுவாணியின் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் விடை தானாகவே வந்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

முகப்பரு, புண்ணில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது போன்ற நோய் அன்று. மயிர்க்காலோடு ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பி பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் கூடுதலாகச் சுரக்கிறது. அதே வேளையில் மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பை ஏற்படுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த அடைப்பில்தான் எல்லாம் தொடங்குகிறது. அடைபட்ட எண்ணெயில், நம் எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் நுண்ணுயிர் (2016 வரை இதைப் புரோபியானிபாக்டீரியம் என்று எழுதிவந்தோம்) பெருகுகிறது. அதற்கு எதிராக உடல் காட்டும் அழற்சியே சிவப்பாகவும் சீழாகவும் கண்ணாடியில் தெரிகிறது.

டாக்ஸிசைக்ளின் இவற்றில் கடைசி இரண்டின் மீதுதான் வேலை செய்கிறது. கிருமியின் பெருக்கத்தைக் குறைக்கிறது. அதைவிட முக்கியமாக, வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வருவதையும், திசுவை அரிக்கும் சில நொதிகளையும் அடக்குகிறது. கிருமியைப் பாதிக்காத அளவுக்குக் குறைந்த அளவிலும் இந்த மருந்து அழற்சியைத் தணிக்கிறது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டதுதான். ஆனால் எண்ணெய்ச் சுரப்பை இது குறைப்பதில்லை. மயிர்க்கால் வாயின் அடைப்பை நீக்குவதும் இல்லை. ஆகவே மாத்திரை சாப்பிட்ட ஆறு வாரமும் சிறுவாணியின் கன்னத்தில் புதிய அடைப்புகள் உருவாகிக்கொண்டேதான் இருந்தன. அவை சிவந்து வீங்காமல் மாத்திரை பார்த்துக்கொண்டது, அவ்வளவே. மாத்திரை விலகியதும் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அடைப்பை எடுக்கும் மருந்து அவர் நான்காம் நாள் தூக்கி வைத்த அந்த ஜெல்தான். அடாபலீன் மயிர்க்கால் வாயைத் திறந்து வைக்கிறது. பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனை வெளியிட்டுக் கிருமியைக் கொல்கிறது; அதற்கு எதிராகக் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்றதாக இன்றுவரை அறியப்படவில்லை. இந்த ஜெல் தன் வேலையைக் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தழும்பு விழாமல் அழற்சியை அடக்கி வைப்பதற்காகவே மாத்திரை. இவருடைய மருத்துவர் எழுதியது மிகச் சரியான சீட்டு. நோயாளிகளில் பெரும்பாலோர் மாத்திரையை மருந்தாகவும் ஜெல்லை அழகுசாதனமாகவும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். இதில் எங்கள் பங்கும் உண்டு. புறநோயாளர் வரிசையில் எண்பது பேர் நிற்கும் காலை வேளையில், "இது எரியும், எரிந்தால் இப்படிச் செய்யுங்கள்" என்று இரண்டு வாக்கியம் சொல்லாமல் நானே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன்.

கால வரம்பைப் பொறுத்தவரை, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பன்னிரண்டாம் வாரத்தில் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறது. ஆறு மாதத்தைத் தாண்டுவது தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே. வாய்வழி ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, பூசும் ஆன்டிபயாட்டிக்கோடும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. 2024-இல் வந்த அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலும் இதே திசையில்தான் இருக்கிறது. அசித்ரோமைசினா, டாக்ஸிசைக்ளினா என்றால் டாக்ஸிசைக்ளினையே அது விரும்புகிறது. எனவே கேள்வி, "எவ்வளவு நாள் சாப்பிடலாம்" என்பதாக இருக்கக் கூடாது. முதல் மாத்திரையை விழுங்கும் நாளிலேயே கடைசி மாத்திரையின் தேதியும், அதற்குப் பிறகு எது பொறுப்பேற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இடையே ஒரு கொசுறு. இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான ஆரியோமைசின், அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழக வயல் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கரால் எடுக்கப்பட்டு 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது டக்கர் பணியாற்றிய லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில், கதராடை உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர் அவர்.

வெட்டவெளி எழுதியது:

டாக்டர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். நான் வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் 500 என்று ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன். கூடவே கிளிண்டாமைசின் ஜெல். எனக்கு எந்தப் பக்கவிளைவும் வரவில்லை, பருவும் கட்டுக்குள் இருந்தது. எழுதிக் கொடுத்தவரும் பட்டம் பெற்ற மருத்துவர்தான். இங்கே பரிந்துரைக்கப்படும் கூட்டு ஜெல்லின் சிறு குழாய் ஒன்றின் விலையில் ஒரு மாதத்துக்கும் மேலான டாக்ஸிசைக்ளின் வாங்கிவிடலாம். சாதாரணச் சம்பளக்காரன் எதை வாங்குவான்? கோழிப்பண்ணையில் தீவனத்தோடு மூட்டை மூட்டையாக ஆன்டிபயாட்டிக் கலக்கும் நாட்டில், பருவுக்கு ஒரு மாத்திரை போடும் இளைஞனிடம் போய் எதிர்ப்பாற்றல் பாடம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காய்ச்சல் வார்டு எழுதியது:

வெட்டவெளி அவர்களுக்கு, கோழிப்பண்ணை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் வட மாவட்டம் ஒன்றில் பொது மருத்துவராக இருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் என் வார்டில் என்ன வேலை செய்கின்றன என்பதைக் கூறுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மாசி வரைக்கும் எங்களுக்கு உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) காலம். புதர்க்காட்டில் ஆடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், வரப்பில் புல் அறுத்தவர்கள் ஒரு வாரக் காய்ச்சலோடு வருவார்கள். அக்குளிலோ, இடுப்புக் கயிற்றின் கீழோ, மார்பகத்தின் அடியிலோ தேடினால் பீடி சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் உடனே டாக்ஸிசைக்ளின். இரண்டே நாளில் காய்ச்சல் விடும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிர் போகும். மிகக் கடுமையான நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. அது 2023-இல் வெளியாயிற்று. டைஃபாய்டுக்கோ, சிப்ரோஃப்ளாக்சசின் நம் நாட்டில் பெரும்பாலும் பயனற்றுப்போய்விட்டதால், வீட்டிலிருந்தே வாய்வழியாகச் சாப்பிடக்கூடியதாக எங்களிடம் மிஞ்சியிருக்கும் முக்கியமான மருந்து அசித்ரோமைசின். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைஃபாய்டு வகைக்கு, வாயால் சாப்பிடும் மருந்தில் இது ஒன்றுதான் நம்பகமாக மிஞ்சியது. உலக சுகாதார நிறுவனம் டாக்ஸிசைக்ளினை எளிதில் கிடைக்க வேண்டிய பிரிவிலும் அசித்ரோமைசினைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவிலும் வைத்திருக்கிறது.

உங்கள் பரு மாத்திரையால் உண்ணிக் காய்ச்சல் கிருமி எதிர்ப்பாற்றல் பெறுகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் நீங்கள் விழுங்கும் மாத்திரை கன்னத்துக்கு மட்டும் போவதில்லை. குடலில், தொண்டையில், மூக்கில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளும் ஒரு வருடம் முழுதும் அதே மருந்தில் நனைகின்றன. தாக்குப்பிடிப்பவை தங்கிவிடுகின்றன, அந்தத் திறனைத் தங்களுக்குள் கைமாற்றியும் கொள்கின்றன. எந்தப் பக்கவிளைவும் வரவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடும் குழந்தைக்கு அடுத்த முறை எந்த மருந்து கேட்கும் என்பது உங்கள் கண்ணாடியில் தெரியாது.

வெட்டவெளி எழுதியது:

குழந்தையைப் பேச்சுக்குள் கொண்டுவருவது வாதத்தில் கொஞ்சம் அத்துமீறல்தான். இருந்தாலும் சொன்ன செய்தியை ஏற்கிறேன். கிளிண்டாமைசின் ஜெல்லும் ஆன்டிபயாட்டிக்தான், ஒரே நேரத்தில் இரண்டை உபயோகித்திருக்கிறேன் என்பது இதைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. விலை பற்றிய என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பொருநை எழுதியது:

அது நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. கூட்டு ஜெல் கட்டுப்படியாகாதவர்களுக்கு வெறும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லே மலிவான நல்ல தொடக்கம். லேன்செட் இதழில் 2004-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், லேசானது முதல் நடுத்தரம் வரையிலான முகப்பரு உள்ள 649 பேருக்கு ஐந்து விதமான சிகிச்சைகளைப் பதினெட்டு வாரம் கொடுத்து ஒப்பிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த மினோசைக்ளின் மாத்திரைக்கும் வெறும் பென்சாயில் பெராக்சைடுக்கும் பயனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விலைக்கேற்ற பயனில் பெராக்சைடே முந்தியது. ஒரே இடைஞ்சல், அது துணியை வெளுக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் அம்மாவின் புதுத் தலையணை உறைகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழ, வீட்டில் பெரிய சண்டையாகிச் சிகிச்சையையே நிறுத்திவிட்டான். பழைய வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள் என்று அதன் பிறகு எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன்.

மினோசைக்ளினைக் குறிப்பிட்டதால் ஒரு வார்த்தை. தலைசுற்றல், தோலிலும் ஈறிலும் நீலச் சாம்பல் நிறம் படிதல், அரிதாகக் கல்லீரல் அழற்சி, லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்குவது) போன்ற நோய் என இதன் பக்கவிளைவுப் பட்டியல் டாக்ஸிசைக்ளினுடையதைவிட நீண்டது. நான் எழுதுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயிற்று.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயா, எனக்கு வயது 31. கல்லூரிக் காலத்தில் பரு இல்லை. மூன்று ஆண்டுகளாகத் தாடையோரத்திலும் கழுத்திலும் மட்டும் ஆழமான, வலிக்கும் கட்டிகளாக வருகிறது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன் அதிகமாகும். மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. மூன்று முறை டாக்ஸிசைக்ளின் எடுத்தும் பாதி அளவுக்கே பலன். அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். நான் இதைத் தொடரலாமா?

பொருநை எழுதியது:

அம்மா, நீங்கள் விவரித்திருப்பது ஹார்மோன் பின்னணி உள்ள பருவாக இருக்க வாய்ப்பு அதிகம். சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உண்டா என்று மகப்பேறு மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நான்காவது முறை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் புதிதாக எதுவும் நடக்கப்போவதில்லை. இத்தகைய பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரை நல்ல பலன் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், அதன் பலன் பன்னிரண்டாம் வாரத்தைவிட இருபத்து நான்காம் வாரத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது அதைச் சாப்பிட்டால் ஆண் கருவின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். டாக்ஸிசைக்ளின் கருவிலுள்ள குழந்தையின் பற்களையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால் அதுவும் கூடாது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நாள் கொடுக்காததும் இதனால்தான். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பற்றி எவரேனும் சொன்னால், சிகிச்சைக் காலம் முழுவதும், முடிந்து ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது என்பதை நினைவில் வையுங்கள். கருவுக்கு அவ்வளவு கேடு அது. அடுத்த ஆண்டு குழந்தை என்ற முடிவை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். மற்றவற்றை அவர் அதிலிருந்து திட்டமிடுவார்.

சிறுவாணி எழுதியது:

அனைவரின் பதில்களையும் இரண்டு முறை படித்தேன். முதல் பதிவில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு மாதமாக நெற்றியிலும் மார்பிலும் கடுகளவில், எல்லாம் ஒரே மாதிரியான சிறு பொரிகள் நெருக்கமாக வந்திருக்கின்றன. கன்னத்துப் பரு வலிக்கும். இவை அரிக்கின்றன, முக்கியமாகத் தலைக்கவசத்தைக் கழற்றியதும். மாத்திரை போதவில்லை போலும் என்று நினைத்துச் சென்ற மாதம் சில நாள் இரண்டு வேளையாகவும் சாப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் கூடியது.

பொருநை எழுதியது:

தம்பி, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அரிப்பு, ஒரே அளவு, நெற்றி, மார்பு, வியர்வை, ஆன்டிபயாட்டிக் கூடக்கூட நோயும் கூடுதல் ஆகிய இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் அது பரு அன்று, மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் அழற்சியாக இருக்கக்கூடும். தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கின்றன. மாதக்கணக்கில் ஒரு தரப்பை மட்டும் அடித்தால் மறுதரப்பு தலையெடுக்கும். நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குக் கிராம் நெகட்டிவ் என்னும் வேறு வகைப் பாக்டீரியாக்களால் மூக்கைச் சுற்றித் திடீரெனச் சீழ்ப்பொரிகள் கிளம்பும் இன்னொரு நிலையும் உண்டு. எது என்பதைப் பொரியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரியும்; எழுத்தில் படித்து நான் சொல்ல முடியாது. ஒருவேளை மாத்திரையைத் தொடர்ந்தால், கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தம் கூடுவது இந்த மருந்தின் அரிய விளைவு. ஐசோட்ரெட்டினாயினோடு இதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதும் அதனால்தான்.

அந்தக் கிழிந்த சீட்டை எடுத்துக்கொண்டு, அதை எழுதிய மருத்துவரிடமே போங்கள். ஏழு மாதம் சாப்பிட்டதையும் ஜெல்லை விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாசிவீதி எழுதியது:

போகும்போது, கடையிலோ சலூனிலோ வாங்கிப் பூசிய க்ரீம் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். பரு மறையும், நிறம் கூடும் என்று விற்கும் க்ரீம்களில் ஸ்டீராய்டு இருப்பது சகஜம். அதுவும் இதே மாதிரிப் பொரியை உண்டாக்கும்.

சிறுவாணி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பெரியவர்களுக்கு வணக்கம். மருத்துவர் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் சீட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நெற்றிப் பொரி ஒன்றைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவி உள்ளே கொடுத்தனுப்பினார். ஈஸ்ட் என்றே முடிவு வந்தது. டாக்ஸிசைக்ளினை அன்றே நிறுத்தச் சொல்லி, பூஞ்சைக்கான மருந்தை இரண்டு வாரத்துக்கு எழுதினார். தலைக்கவசத்தின் உள்ளுறையை வாரம் இருமுறை துவைக்கச் சொன்னார். ஒரு வருடமாக நான் துவைக்கவே இல்லை.

கன்னத்துக்கு அதே ஜெல்தான். ஆனால் இம்முறை எப்படித் தடவுவது என்று செய்தே காட்டினார். முகம் கழுவி இருபது நிமிடம் நன்றாகக் காயவிட்டு, மாய்ஸ்சரைசர் பூசி, அதன் மேல் முகம் முழுவதற்குமாக ஒரு பட்டாணி அளவு மட்டும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் முதலில் வாஸலின் தடவிக்கொள்ள வேண்டும். முன்பு நான் பருவுக்குப் பரு தனித்தனியாக, பற்பசை அளவுக்கு அப்பிக்கொண்டிருந்தேன்.

நெற்றி அரிப்பு நின்றுவிட்டது. கன்னத்தில் புதிதாக நான்கு பரு வந்திருக்கிறது. எட்டாம் வாரம் வரை எண்ணிக்கொண்டிருக்காதே என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்போதும் அடங்கவில்லை என்றால் ஐசோட்ரெட்டினாயின் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார். அதற்கு முன் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமாம். புதிய சீட்டில் மறுபரிசோதனைத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய சீட்டை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

வெட்டவெளி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. அந்த 2.5 சதவீத ஜெல்லை நானும் வாங்கியிருக்கிறேன். வெள்ளைத் துண்டுதான் வீட்டில் ஒன்றுகூட இல்லை.